வாளி இழுத்தவருக்கே வைத்தியம்

கன்னியாவுக்கு ஞாயிறு காலையில் போனால் வான்கள் வரிசையாக நிற்கும். திருகோணமலை நகரிலிருந்து வடமேற்கே எட்டுக் கிலோமீற்றர் அளவில் ஏழு சின்னச் சதுர வெந்நீர்க் கிணறுகள். ஆழம் மூன்று நான்கு அடிதான். தண்ணீர் தெளிந்திருக்கும் நாளில் அடித்தரை தெரியும். அன்று எனக்கு முன்னால் ஓர் அம்மா மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வந்தார். இரண்டு முழங்காலும் வீங்கியிருந்தன. மகன் அவரைத் தரையில் இருத்திவிட்டு வாளியை எடுத்தான். கிணற்றுக்கு மூன்று வாளியென்று ஏழு கிணற்றுக்கும் கணக்கு. குனிவதும் வாளியை அமுக்கி நிரப்புவதும் நிமிர்வதும் கொண்டுவந்து தாயின் காலில் ஊற்றுவதுமாக இருபத்தொரு தடவை.

"இப்ப எப்பிடியம்மா நோ?" என்று கேட்டேன்.

"இப்ப சுகமாத்தான் கிடக்கு தம்பி. நாளைக்குத் திரும்ப வந்திடும்."

எவ்வளவு காலமாக வருகிறீர்கள் என்றதற்கு மகன்தான் பதில் சொன்னான். "ரெண்டு வருஷமா. மாசத்துக்கு ரெண்டு தரமாவது கூட்டிக்கொண்டு வாறனான்."

எழும்பும்போதும் மகனின் தோள்தான். இரண்டு வருடத்தில் அந்தப் பிடி இறுகியிருக்குமே தவிர இளகியிருக்காது. மகனோ பாரத்தோடு இருபத்தொரு முறை குனிந்து நிமிர்ந்திருக்கிறான். முழங்கால் தேய்வுக்குப் பிசியோ ஒருவர் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியின் பெரிய வடிவம் அது. கன்னியாவில் அன்று வைத்தியம் நடந்தது உண்மை. நடந்தது மகனுக்கு.

கன்னியாவைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. இராவணன் தாயின் ஈமக்கடனுக்காக நிலத்தைக் குத்திய இடங்களில் நீர் பொங்கியது என்ற கதையும், ஆடி அமாவாசையில் அங்கே பிதிர்க்கடன் செய்யும் வழக்கமும் நம்முடையவை; அவற்றுக்கு யாருடைய சான்றிதழும் தேவையில்லை. என் வழக்கு வேறு. உடம்பில் சூடு ஏறினால் வருத்தம் இறங்கும் என்ற எண்ணம் கன்னியாவோடு நிற்கவில்லை. பிசியோதெரபி அறைவரைக்கும் அது வந்து கட்டில் போட்டுப் படுத்திருக்கிறது. நாரி நோவா, சிவப்பு விளக்கு. தோள் இறுக்கமா, கரண்ட். கைவிரல் விறைப்பா, உருக்கிய மெழுகு. பதினைந்து நாள் போய்வந்தால் "நல்ல வைத்தியம்" என்கிறோம். நான்கு பயிற்சி காட்டிக்கொடுத்து, வீட்டில் செய்யச் சொல்லி அனுப்பினால், "ஒண்டும் செய்யேல்லை, சும்மா அனுப்பிப்போட்டினம்" என்கிறோம். இது தலைகீழ் என்பதே என் கட்சி. சூடும் குளிரும் ஒளியும் முன்வேலை. வைத்தியம் அதற்குப் பிறகு நோயாளி தானே செய்யும் அசைவு. நாமோ முன்வேலைக்குக் காசு கட்டிவிட்டு வைத்தியம் தொடங்கும் நேரத்தில் எழும்பி வீட்டுக்கு வருகிறோம்.

நம் பேச்சையே கவனியுங்கள். லைட் பிடிக்கிறது, கரண்ட் பிடிக்கிறது, மெழுகு பிடிக்கிறது, ஒத்தடம் பிடிக்கிறது, வேது பிடிக்கிறது. எல்லாவற்றுக்கும் 'பிடிக்கிறது' என்ற ஒரே வினைதான். மழைக்குக் கூரையோரம் வைத்த வாளி தண்ணீர் பிடிப்பதுபோல உடம்பும் எதையோ பிடித்துக்கொள்ளும், நாம் அசையாமல் கிடந்தால் போதும். பயிற்சியை மட்டும் யாரும் பிடிப்பதில்லை. அதைச் செய்ய வேண்டும். அங்கேதான் கசக்கிறது.

"எனக்கு நோ குறைந்ததே, அது பொய்யா?" என்று கேட்பவருக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும். பொய்யில்லை. நம் தோலின் நரம்பு நுனிகளில் சூட்டை அறியும் வாயில்கள் உண்டு. மிளகாயின் காரப்பொருளை வைத்து அந்த வாயிலைக் கண்டுபிடித்தது டேவிட் ஜூலியஸின் குழு, ஆண்டு 1997. 43 பாகை செல்சியஸை ஒட்டி அது திறந்து 'சுடுகிறது' என்று கத்தும். அதனால்தான் மிளகாய் நாக்கைச் சுடுகிறது. குளிர்ச்சியை அறியும் வாயிலை ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் புதினா வகைப் பொருளான மென்தோலை வைத்துத் தனித்தனியே கண்டார்கள். 2021இல் இருவருக்கும் நோபல் பரிசு. நாரியில் பூசும் தைலம் குளிர்வது உண்மையான குளிரல்ல, அந்த வாயிலை ஏமாற்றும் வித்தை. கன்னியாக் கிணறுகளின் சூடு கிணற்றுக்குக் கிணறு மாறும். மிகச் சூடானதும் 40 பாகை அளவில்தான் நிற்கிறது. சுடுகிறது என்று நரம்பு கத்துவதற்குச் சற்று முன்னால் நிற்கும் சூடு அது. சுகம் தருவதற்கு அதைவிடப் பொருத்தமான சூடு இல்லை.

ஆனால் சுகம் வேறு, சுகப்படுவது வேறு. தோலின் மேல் வைக்கும் சூடு ஒரு சென்றிமீற்றர் ஆழம்வரைதான் சொல்லும்படியாக இறங்கும். அதற்குக் கீழே ஓடும் இரத்தம் சூட்டை அள்ளிக்கொண்டு போய்விடும். மூன்று சென்றிமீற்றருக்குக் கீழே உள்ள தசை ஒரு பாகை சூடேறினாலே பெரிது. அதுவும் பதினைந்து இருபது நிமிடம் விடாமல் வைத்தால். கன்னியாவில் நாம் தண்ணீருக்குள் அமிழ்ந்து இருப்பதில்லை, ஊற்றிக்கொள்கிறோம். ஒரு வாளித் தண்ணீர் முழங்காலைத் தொட்டுக் கடக்க இரண்டு மூன்று விநாடி. இருபத்தொரு வாளிக்கும் சேர்த்தால் ஒரு நிமிடம். அந்த நீர் எரிமலையிலிருந்தும் வரவில்லை, இலங்கையில் உயிருள்ள எரிமலையே கிடையாது. பாறைப் பிளவுகளால் வெகு ஆழம் இறங்கிய மழைநீர் அங்குள்ள வெப்பத்தை வாங்கிக்கொண்டு மேலே வருகிறது. அதில் கரைந்திருக்கும் தாது எதுவாயினும், ஒரு நிமிடத்தில் தோலைத் துளைத்து மூட்டுக்குள் போய்ச் சேராது. அப்படித் துளைக்குமென்றால் கடலில் நாள்முழுக்க நிற்கும் திருக்கடலூர் மீனவர் உப்பில் ஊறிக் கருவாடாகியிருப்பார்.

ஒளி விடயத்தில் குழப்பம் இன்னும் கூட. பிசியோ அறையில் எரியும் சிவப்பு விளக்கைப் படித்தவர்களே 'அல்ட்ரா வயலட்' என்கிறார்கள். நம் பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் பெயரே தெளிவாக இருக்கிறது: ஒன்று செந்நிறக்கீழ் கதிர், மற்றது கழியூதாக் கதிர். வானவில்லின் இரண்டு எதிர் அந்தங்களுக்கும் அப்பால் இருப்பவை. சிவப்பு விளக்கு வெறும் சூட்டு விளக்கு. அடுப்படிக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பதன் ஒழுங்கான வடிவம். கழியூதாவின் வரலாறு வேறு, பெருமையானதும்கூட. டென்மார்க்கின் நீல்ஸ் பின்சன், முகத்தை அரித்துத் தின்னும் தோல் காசநோய்க்குக் கார்பன் வில் விளக்கின் ஒளியைக் குவித்துப் பாய்ச்சி ஆறவைத்தார். 1903இல் நோபல் பரிசு கிடைத்தது. அடுத்த ஆண்டே இறந்துபோனார். அதன்பின் ஐரோப்பிய ஆஸ்பத்திரிகளின் உடற்சிகிச்சைப் பகுதிகளில் கழியூதா விளக்கு ஆறாத புண்ணுக்கும் பிள்ளைகளின் எலும்புக் கோணலுக்கும் எரிந்தது. 1940களில் பெனிசிலினும் ஸ்ரெப்டோமைசினும் வந்தன, விளக்குகள் ஒவ்வொன்றாய் அணைந்தன. மிஞ்சியது தோல் வைத்தியத்தில்: சொரியாசிசுக்கும் வெண்படைக்கும் 311 நனோமீற்றர் அலைநீளத்தில், தடவைக்கு எவ்வளவு என்று அளந்து, கண்ணை மூடிக் கொடுக்கும் ஒளி. அது உண்மையான வைத்தியம். இன்ன நோய்க்கு இன்ன அலைநீளம் இவ்வளவு நேரம் என்று சொல்லக்கூடியது. முழங்காலுக்கும் நாரிக்கும் அதில் பங்கில்லை. விற்றமின் டிக்காகக் கழியூதா விளக்கு தேடுபவர், திருகோணமலை 8.5 பாகை வடக்கில் இருப்பதை மறந்துவிடுகிறார். சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் ஆவணியிலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே நிற்கிறது. முற்றத்தில் இறங்கினால் போதும்.

குளிரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெக்கெய்சர் மைதானத்தில் பந்தடித்துக் கணுக்கால் பிரண்ட பெடியனுக்கு மீன் பெட்டியிலிருந்து ஐஸ் எடுத்துவந்து வைக்கிறோம். முதல் நாளில் நோ அடங்கும், நல்லது. பிறகு இரண்டு கிழமை கால் நீட்டிப் படுக்க வைக்கிறோமே, அதுதான் கெடுதல். ஓய்வு, ஐஸ், இறுக்கிக் கட்டு, உயர்த்தி வை என்ற சூத்திரத்தை 1978இல் எழுதியவர் அமெரிக்க வைத்தியர் கேப் மேர்க்கின். பல ஆண்டுகளுக்குப் பின், ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதமாக்கக்கூடும் என்று அவரே எழுதினார். சூத்திரம் எழுதியவர் மாறிவிட்டார். நாம் இன்னும் ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறோம்.

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். அம்மாவுக்குச் சீனி வருத்தம் பழையது. சீனியோடு சேர்ந்து வரும் தோள் இறுக்கம் அவரையும் பிடித்தது. வலது கை காதுக்கு மேலே போகாது, பின்னல் போட முடியாது. ஒரு தனியார் நிலையத்துக்குப் பதினைந்து நாள் கூட்டிக்கொண்டு போனேன். நாள்தோறும் ஒரே நடப்புத்தான். திரைச்சீலையை இழுப்பார்கள், விளக்கை வைத்து இருபது நிமிடத்துக்கு மணி முறுக்குவார்கள், பிறகு தோளில் ஈரப் பட்டை ஒட்டிக் கரண்ட் பதினைந்து நிமிடம். மணி 'டிங்' என்றதும் ஒரு பிள்ளை வந்து கழற்றிவிட்டுப் போவாள். பதினைந்து நாளில் ஒருவராவது அம்மாவின் கையைப் பிடித்து மேலே உயர்த்திப் பார்க்கவில்லை. எங்கே தடுக்கிறது, எவ்வளவு உயருகிறது, நேற்றைக்கு இன்று எப்படி என்று அளக்கவில்லை. அம்மாவுக்கோ பரம திருப்தி. விளக்கின் கீழ் நித்திரையும் கொள்வார்.

பிறகு அரச கிளினிக் ஒன்றில் ஒரு பிசியோ மிஸ். வரிசை நீளம், எங்களுக்குக் கிடைத்தது பத்து நிமிடமும் இல்லை. அம்மாவைச் சுவருக்கு முன்னால் நிறுத்தி, விரல்களால் சிலந்தி ஏறுவதுபோல் சுவரில் ஏறச் சொன்னார். முடிகிற இடத்தில் நின்று பத்து எண்ணி இறங்க வேண்டும். பத்துத் தரம், நாளைக்கு மூன்று நேரம். "வெறுந்தோளோட ஏறாதேங்கோ அம்மா. உப்பு வறுத்துத் துணியில கட்டிப் பத்து நிமிசம் ஒத்தடம் குடுத்திட்டு, சூடு ஆற முதல் ஏறுங்கோ" என்றார். வீட்டில் குசினிக் கதவுக்குப் பக்கச் சுவரில் நான் பென்சிலால் கோடு கிழித்தேன். முதற் கோடு அம்மாவின் காதுக்கு நேரே. ஒரு கிழமை கோடு அசையவில்லை, அம்மா என்னைத் திட்டினார். இரண்டாம் கிழமை ஒரு விரற்கடை. நான்காம் மாதக் கோடு மின்சார ஆளிப் பெட்டிக்கு மேலே. அந்தச் சுவருக்கு இன்றுவரை பெயின்ற் அடிக்கவில்லை.

கெட்டிக்கார வாசகர் இங்கே என்னை மடக்கலாம்: தோள் இறுக்கம் காலப்போக்கில் தானாகவும் இளகும் வருத்தம்தானே? ஆம். ஓர் அம்மாவின் சுவரால் எதுவும் நிரூபணமாகாது. விளக்கில் சுகப்பட்டவர் கதையாலும் ஆகாது, கன்னியாவில் சுகப்பட்டவர் கதையாலும் ஆகாது. அந்த நியாயம் எல்லாப் பக்கமும் வெட்டும். அதனால்தான் ஆட்களை இரண்டு பிரிவாக்கி ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனைகள் வேண்டியிருக்கின்றன. நாரி நோவுக்குச் சூடோ குளிரோ வைத்துப் பார்த்த ஒன்பது சோதனைகளை, மொத்தம் 1,117 பேர், 2006இல் கொக்ரேன் குழு ஒன்று சேர்த்து ஆராய்ந்தது. புதிதாக வந்த நாரி நோவில் சூடு சிறிது காலத்துக்குச் சிறிது நோவைக் குறைக்கிறது. பயிற்சியும் சேர்ந்தால் கூடுதலாகக் குறைகிறது, வேலை செய்யும் ஆற்றலும் கூடுகிறது. இதுதான் முடிவு. பிசியோ அறையில் நோவுக்குப் பிடிக்கும் அல்ட்ராசவுண்ட் கருவியின் கதை இதைவிடச் சோகம். 2001இல் வந்த ஓர் ஆய்வு 35 சோதனைகளை எடுத்து, முறையாக நடந்தவை பத்து மட்டும் என்று பிரித்தது. அந்தப் பத்தில் எட்டில், இயங்கும் கருவியும் இயங்குவதுபோல் நடித்த கருவியும் ஒரே பலனைத்தான் தந்தன. மூட்டுத் தேய்வுக்கு மின்சிகிச்சைக் கருவிகளைக் கொடுக்க வேண்டாம், பயிற்சியை எல்லோருக்கும் கொடுங்கள் என்று வைத்திய வழிகாட்டிகளை வகுக்கும் இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2022இல் எழுதிவிட்டது. அமெரிக்க மூட்டுவாத வைத்தியர் சங்கத்தின் 2019 வழிகாட்டி பயிற்சியை அழுத்தமாகவும், சூடு குளிர் ஒத்தடத்தைத் தயக்கத்தோடும் பரிந்துரைக்கிறது. எனக்கும் அதே தயக்கம்தான். ஒத்தடத்தை விட்டுவிடச் சொல்லவில்லை, அதற்குரிய பாயில் இருத்தச் சொல்கிறேன்.

தம்பலகாமத்து வயல்காரருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மழை பெய்து மண் இளகிய ஈரத்தில் உழவேண்டும். இளகிவிட்டதே என்று வரப்பில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தால் நாலு வெயிலில் மறுபடி கட்டியாகும். சூட்டில் தசை இளகுவதும் நோ அடங்குவதும் அப்படியொரு ஈரம். அரை மணித்தியாலத்தில் பெரும்பகுதி காய்ந்துவிடும். அந்த அரை மணித்தியாலத்தில் நாம் என்ன செய்கிறோம்? வரிசையில் நின்று துண்டெழுதி, பஸ் பிடித்து, கிண்ணியாப் பாலம் தாண்டி மூதூருக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்.

பாரம்பரியத்தைக் காட்டி என்னை மறுப்பவருக்கும் ஒரு சொல். சித்த வைத்தியத்தில் புறமருந்து முப்பத்திரண்டு. அதில் ஒற்றடம் ஒன்று, வேது ஒன்று. கையால் பிடித்து, அழுத்தி, இழுத்துச் செய்யும் தொக்கணமும் உண்டு. முப்பத்திரண்டில் ஒன்றைப் பிய்த்தெடுத்து அதுவே வைத்தியமென்று வைத்துக்கொண்டவர்கள் நம் முன்னோர் அல்லர். சுடுதண்ணி ஊற்றிவிட்டு மூலையில் இருத்துவது பாரம்பரியமல்ல, சோம்பல்.

இந்த எண்ணம் ஏன் சாகாமல் இருக்கிறது என்பதிலும் மர்மமில்லை. கருவிக்குக் கட்டணம் போடலாம், சுவரில் விரல் ஏறுவதற்கு யாரும் கட்டணம் தரமாட்டார்கள். ஒரு பிசியோ ஒரே நேரத்தில் ஐந்து கட்டிலில் ஐந்து விளக்கு எரியவிடலாம். ஐந்து பேரின் தோளை ஒரே நேரத்தில் பிடிக்க முடியாது. அரச வைத்தியசாலையில் ஆள் பற்றாது என்பது உண்மை. அதற்காக விளக்கை ஆளாகக் கணக்கெடுக்க முடியுமா? பற்றாக்குறை இருக்கிற இடத்தில்தான், கிடைக்கிற பத்து நிமிடத்தைக் கற்றுக்கொடுப்பதற்குச் செலவிட வேண்டும். கொழும்பிலிருந்து கருவி வருவதைப் பத்திரிகையில் படம் போட்டுக் கொண்டாடுகிறோம். ஒரு பிசியோ கூடுதலாக வந்தால் யாரும் படம் எடுப்பதில்லை.

சூடு உதவாமல் போவதோடு நின்றால்கூட நான் இவ்வளவு எழுதியிருக்கமாட்டேன். சீனி வருத்தம் முற்றிப் பாதம் மரத்தவருக்கும், பாரிசவாதத்தில் ஒரு பக்கம் உணர்வு போனவருக்கும் சூடு தெரியாது. தெரியாத சூட்டுக்குக் காலை இழுக்கவும் தோன்றாது. 'கால் விறைக்குது' என்று சுடுதண்ணிக்குள் பாதத்தை வைத்து, தோல் கழன்ற பிறகு கண்டவர்கள் உண்டு. சீனிக்காலில் அந்தப் புண் விரலைக் கழற்றும்வரை போகலாம். அதனால் சூடு வைக்குமுன் செய்யவேண்டிய எளிய சோதனை ஒன்று உண்டு: இரண்டு கண்ணாடிக் குழாய், ஒன்றில் சூடான தண்ணீர், மற்றதில் குளிர்ந்தது. நோயாளியின் கண்ணை மூடச் சொல்லி மாற்றி மாற்றித் தோலில் தொட்டு 'எது சூடு, எது குளிர்' என்று கேட்பார்கள். பிழையாகச் சொன்னால் விளக்கும் இல்லை, மெழுகும் இல்லை. இரண்டு நிமிட வேலை. அம்மாவுக்கு அந்தப் பதினைந்து நாளில் ஒருநாளும் இந்தச் சோதனை செய்யப்படவில்லை, அவருக்குச் சீனி என்று நான் சொல்லியும். உங்கள் வீட்டு ஆளை விளக்கின் கீழ் படுக்க வைக்குமுன் இதைக் கேளுங்கள். மணி அடித்ததும் 'இப்ப என்ன பயிற்சி செய்யவேணும், எத்தனை தரம்' என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் அடுத்த நாள் போகாதீர்கள்.

கன்னியாவுக்கு மட்டும் போங்கள். வானை விட்டு இறங்கிக் கிணறுவரை அம்மா தானே நடக்கட்டும், நேரம் எடுத்தாலும் பரவாயில்லை. இரண்டு வாளி நீங்கள் ஊற்றிவிட்டு, மூன்றாவது வாளியை அவர் கையில் கொடுங்கள். சின்ன வாளியாக, அரை வாளித் தண்ணீராக இருக்கட்டும். தரை வழுக்கும், பக்கத்தில் நில்லுங்கள்.